முன்குழாயா, பின்குழாயா? நீர்மூழ்கி விளையாட்டுகளில் டார்பிடோ குழாயைத் தேர்ந்தெடுக்கும் முறை

சைலன்ட் ஹன்ட்டர் 3, சைலன்ட் ஹன்ட்டர் 4, யூபோட், வுல்ஃப்பேக் என இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கிகளை ஓட்டும் விளையாட்டு எதுவானாலும், புதியவர்கள் பெரும்பாலும் ஒரே பாணியில்தான் தாக்குகிறார்கள். கப்பல் கண்ணில் பட்டதும் படகின் மூக்கை அதன் பக்கம் திருப்புகிறார்கள், டார்பிடோவை (நீருக்குள் ஓடிப்போய் வெடிக்கும் ஆயுதம்) ஏவும் முன்பக்கக் குழாய்களைத் திறக்கிறார்கள், சுடுகிறார்கள். பின்பக்கமும் குழாய் இருக்கிறது என்ற நினைவு, முன்பக்கம் காலியான பிறகுதான் வருகிறது. அதற்குள் காவல் கப்பல் தலைக்கு மேல் வந்து நிற்கும்.

பின்குழாயை அவசரத்துக்கான உதிரிச் சக்கரம் போல நினைப்பதுதான் கோளாறு. அமெரிக்காவின் கேட்டோ வகைப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் 6 குழாய்கள், பின்னால் 4 குழாய்கள், மொத்தம் 24 டார்பிடோக்கள். அவற்றில் 16 முன்பக்கம், 8 பின்பக்கம். பின்னறையில் இருப்பதை நடுக்கடலில் முன்னறைக்குக் கொண்டுபோக வழியில்லை. முன்குழாய்களை மட்டும் நம்பும் கேப்டன், ஒவ்வொரு பயணத்திலும் தன் சரக்கில் மூன்றில் ஒரு பங்கைச் சுடாமலே துறைமுகத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார்.

எந்த முனையை ஆகக் குறைவாகத் திருப்பினால் டார்பிடோ நேர்கோட்டில் ஓடி இலக்கின் பக்கவாட்டில் போய் மோதுமோ, அந்த முனையின் குழாய்தான் சரியான குழாய். இரண்டு முனைகளும் ஏறக்குறையச் சமம் என்றால், சுட்ட பிறகு எந்தப் பக்கம் தப்பிக்க வேண்டும் என்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம். இதை ஏன் இப்படிச் சொல்கிறோம், பெரிஸ்கோப்பில் என்ன எண்ணைப் பார்த்துச் சுட வேண்டும், எங்கே பிசகும் என்பதைப் பார்ப்போம்.

படகில் இருப்பது என்ன

ஜெர்மனியின் டைப் 7சி படகில் முன்னால் 4, பின்னால் 1 குழாய். ஐந்து குழாய்களிலும் ஐந்து டார்பிடோக்கள், முன்னறையில் 6 உதிரி, பின்பக்கம் மின்மோட்டார் அறையின் தரைக்கு அடியில் 1 உதிரி, மேல்தளத்துக்குக் கீழே வெளிப்பெட்டிகளில் 2. ஆக 14. வெளிப்பெட்டியில் இருப்பவற்றை உள்ளே கொண்டுவர, படகு நீர்மட்டத்துக்கு மேலே வந்து, கடல் அமைதியாக இருக்கும்போது நீண்ட நேரம் வேலை செய்ய வேண்டும். சண்டைக்கு நடுவே அது நடக்காது. பின்குழாய் உங்களுக்குத் தருவது ஒரு குண்டும், ஒரு உதிரியும்தான்.

டைப் 9 படகுகளில் முன்னால் 4, பின்னால் 2. சிறிய டைப் 2 படகில் முன்னால் 3 மட்டும், பின்னால் ஒன்றுமில்லை. டைப் 7 வரிசையின் முதல் வடிவமான 7ஏ படகில் பின்குழாய் இருந்தது, ஆனால் அழுத்தம் தாங்கும் உடலுக்கு வெளியே. ஒருமுறை சுட்டால் மூழ்கிய நிலையில் மீண்டும் ஏற்ற முடியாது. 7பி வந்தபோதுதான் அந்தக் குழாய் உள்ளே போனது. அமெரிக்கப் படகுகளில் சால்மன், சார்கோ வகைகளுக்கு முன்னால் 4, பின்னால் 4. கேட்டோ, பலாவோ, டென்ச் வகைகளுக்கு 6-ம் 4-ம்.

குழாய் எண்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் படகில் 1 முதல் 4 வரை முன்பக்கம், 5-ம் (டைப் 9 ஆனால் 6-ம்) பின்பக்கம். கேட்டோவில் 1 முதல் 6 வரை முன்பக்கம், 7 முதல் 10 வரை பின்பக்கம்.

கைரோ கோணம் ஏன் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

குழாயிலிருந்து வெளியே வரும் டார்பிடோ முதலில் கொஞ்ச தூரம் நேராக ஓடும். பிறகு அதனுள் இருக்கும் கைரோ எனும் திசை காக்கும் சுழல்கருவி, முன்கூட்டியே கொடுத்த கோணத்துக்கு அதைத் திருப்பும். திரும்பி முடித்தபின் மீண்டும் நேர்கோடு. இந்தத் திருப்பத்தின் அளவுதான் கைரோ கோணம். முன்குழாய்க்கு 0 டிகிரி என்றால் திருப்பமே இல்லாமல் மூக்கு காட்டும் திசையில் ஓடுகிறது என்று பொருள். பின்குழாய்க்கு அதே நிலையை 180 என்று டயல் காட்டும்.

திருப்பம் பெரிதாக இருந்தால் என்ன கெடும்? கோணத்தைக் கணக்கிடும் கருவிக்கு நீங்கள் மூன்று தகவல்கள் தருகிறீர்கள்: இலக்கின் வேகம், அதன் போக்கு, அது இருக்கும் தூரம். டார்பிடோ நேராக ஓடும் நிலையில் தூரத்தின் பங்கு கணக்கிலிருந்து ஏறக்குறைய விழுந்துவிடுகிறது. இலக்கு 700 மீட்டரில் இருந்தாலும் 1,200 மீட்டரில் இருந்தாலும் முன்னால் குறிவைக்க வேண்டிய கோணம் ஒன்றுதான். ஆனால் டார்பிடோ 60 டிகிரி வளைந்து போக வேண்டுமென்றால், அது வளையும் இடமும் நீங்கள் பெரிஸ்கோப் வழியே பார்க்கும் இடமும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட தூரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். புதியவர்கள் மிக அதிகமாகத் தவறு செய்வது தூரத்தை அளப்பதில்தான். பாய்மரத்தின் உயரத்தை வைத்து அளக்கும்போது கப்பலின் வகையைத் தவறாகக் கண்டால் தூரம் நூற்றுக்கணக்கான மீட்டர் தவறிப்போகும்.

எனவே கைரோ கோணத்தை 20 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளப் பாருங்கள். 45-ஐத் தாண்டினால் மறுமுனைக் குழாயைத் தேர்ந்தெடுத்து அது என்ன கோணம் காட்டுகிறது என்று பார்ப்பது நல்லது. தானியங்கிக் குறிவைப்பை வைத்து சைலன்ட் ஹன்ட்டர் 3 அல்லது 4 விளையாடுபவர்களுக்கு இதைவிட எளிய அடையாளம் உண்டு. இலக்கைப் பூட்டியதும் தெரியும் சிறு முக்கோணம் பச்சையாக இருந்தால் கோணம் நன்று, மஞ்சள் என்றால் சுமார், சிவப்பு என்றால் மோசம். முன்குழாயில் சிவப்பு காட்டினால் உடனே படகைத் திருப்பத் தொடங்க வேண்டாம். பின்குழாயைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பல நேரம் அங்கே பச்சை காத்திருக்கும்.

திருப்புவதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். பெரிஸ்கோப் ஆழத்தில் 2, 3 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் போகும் படகு மெதுவாகத்தான் திரும்பும். 8 நாட் வேகத்தில் வரும் சரக்குக் கப்பலோ நிமிடத்துக்குச் சுமார் 247 மீட்டர் நகர்கிறது. மூக்கைத் திருப்ப ஐந்து நிமிடம் ஆனால் அது 1,200 மீட்டருக்கு மேல் போயிருக்கும். வேகத்தைக் கூட்டித் திருப்பினால் பெரிஸ்கோப் நீரைக் கிழித்து வெள்ளை நுரை எழுப்பும், புரொப்பல்லர் சத்தம் காவல் கப்பலுக்குக் கேட்கும், பேட்டரியும் கரையும்.

பெரிஸ்கோப்பில் பார்க்க வேண்டிய எண்

தாக்குவதற்கு மிக எளிய நிலை, இலக்கின் போக்குக்குச் செங்குத்தாக நம் படகு நிற்பது. அப்போது டார்பிடோ கப்பலின் பக்கவாட்டில் 90 டிகிரியில் மோதும். கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் அது நேர் எதிரே வரும்வரை காத்திருக்கக் கூடாது, சற்று முன்பே சுட வேண்டும். எவ்வளவு முன்பு என்பது இலக்கின் வேகத்துக்கும் டார்பிடோவின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது.

ஜெர்மன் மின்சார டார்பிடோ ஜி7இ 30 நாட் வேகத்தில் ஓடும். அதற்கு, இலக்கு 6 நாட் என்றால் 11 டிகிரி, 8 நாட் என்றால் 15 டிகிரி, 10 நாட் என்றால் 18 டிகிரி முன்னதாகச் சுட வேண்டும். நீராவி வகையான ஜி7ஏ-வை 44 நாட் வேகத்தில் விட்டால் 8 நாட் இலக்குக்கு 10 டிகிரி, 10 நாட் இலக்குக்கு 13 டிகிரி. அமெரிக்க மார்க் 14 அதன் உயர்வேகமான 46 நாட்டில் 10 நாட் இலக்குக்குச் சுமார் 12 டிகிரி கேட்கும்.

இனி 8 நாட் இலக்கு, ஜி7இ, அதாவது 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கப்பல் உங்கள் படகின் இடப்பக்கத்திலிருந்து வருகிறதா, வலப்பக்கத்திலிருந்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இடப்பக்கத்திலிருந்து வந்தால், பெரிஸ்கோப்பின் டிகிரி எண் முன்குழாய்க்கு 345-லும், பின்குழாய்க்கு 195-லும் இருக்கும்போது சுட வேண்டும். வலப்பக்கத்திலிருந்து வந்தால் முன்குழாய்க்கு 15, பின்குழாய்க்கு 165. மூக்கு 0, வால் 180. அந்த இரண்டு எண்களிலிருந்தும் கப்பல் வரும் பக்கமாக 15 டிகிரி தள்ளி நிற்கும் எண்கள் இவை. மனப்பாடம் செய்வதைவிடப் படம் வரைந்து பார்த்தால் பின்பு மறக்காது.

வேகமும் போக்கும் கையால் கொடுக்கும் அமைப்பில் விளையாடுபவர்களுக்கு இன்னொரு எண் வேண்டும்: ஏஓபி எனப்படும் கோணம். இலக்குக் கப்பலின் மூக்கிலிருந்து அளந்தால் நம் படகு எத்தனை டிகிரியில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே அது. மேலே சொன்ன நிலையில் சுடும் நொடியில் ஏஓபி 75. குழாயை மாற்றுவதால் மட்டும் இந்த எண் மாறாது. அது கப்பலும் படகும் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. எந்தப் பக்கம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். அந்தக் கவனம் எங்கே தேவைப்படும் என்பது அடுத்த உதாரணத்தில் தெரியும்.

பாதையைத் தாண்டிவிட்டால்

பின்குழாயின் அருமை மிகத் தெளிவாகப் புரியும் இடம் இது. இலக்கு கிழக்கே, அதாவது 090 போக்கில், 8 நாட் வேகத்தில் வருகிறது. நீங்கள் அதன் பாதைக்குத் தெற்கே இருந்து வடக்கு நோக்கி, 000 போக்கில் நெருங்குகிறீர்கள். திட்டப்படி பாதைக்கு 800 மீட்டர் தெற்கே நின்று, கப்பல் 345-ல் வரும்போது முன்குழாயால் சுட வேண்டும். அப்போது ஏஓபி வலப்பக்கம் 75.

ஆனால் கப்பல் வளைந்து வளைந்து செல்கிறது. ஒரு வளைவில் அதன் பாதை தெற்கே நகர்ந்து, உங்கள் படகு பாதையிலிருந்து 150 மீட்டர் தூரத்தில் மாட்டிக்கொள்கிறது. டார்பிடோவின் வெடிமுனை உயிர்பெற அது சிறிது தூரம் ஓடியாக வேண்டும். ஜெர்மன் டார்பிடோவுக்கு விளையாட்டில் சுமார் 300 மீட்டர், அமெரிக்க மார்க் 14-க்கு சுமார் 400 மீட்டர். அதற்குள் மோதினால் கப்பலின் பக்கத்தில் இரும்பு தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். இந்த நிலையில் புதியவர் செய்வது, முழு வட்டம் அடித்து விலகி மீண்டும் மூக்கைத் திருப்ப முயல்வது. நேரம் போதாது.

செய்ய வேண்டியது, போக்கை மாற்றாமல் 000-லேயே தொடர்வது. பாதையைக் கடந்து வடக்கே போங்கள். 3 நாட் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 93 மீட்டர் நகர்வீர்கள். கப்பல் இன்னும் 2,000 மீட்டர் தள்ளி இருந்தால் அது வந்து சேர எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் நீங்கள் நகரும் தூரம் ஏறக்குறைய 740 மீட்டர். தொடக்கத்தில் இருந்த 150 மீட்டரைக் கழித்தால் பாதைக்கு வடக்கே 590 மீட்டரில் இருப்பீர்கள். உங்கள் வால் இப்போது தானாகவே பாதையைச் செங்குத்தாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுக்கானைத் தொடவே இல்லை. கப்பல் இன்னும் உங்கள் இடப்பக்கத்திலிருந்துதான் வருகிறது, எனவே 195-ல் பின்குழாயைச் சுடுங்கள்.

மாறியது ஒன்றுதான். பாதையைக் கடந்ததால் இப்போது நீங்கள் கப்பலின் மறுபக்கத்தில் இருக்கிறீர்கள். ஏஓபி இடப்பக்கம் 75 என்று மாற்ற வேண்டும். வலப்பக்கம் என்றே விட்டுவிட்டால், கப்பல் எதிர்த்திசையில் போவதாக நினைத்துக் கருவி கோணம் போடும். டார்பிடோ கப்பலின் வாலுக்கு வெகு தூரம் பின்னால் போகும்.

இதில் உள்ள இயல்பைக் கவனியுங்கள். மூக்கால் தாக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் நீங்கள் இலக்கை நெருங்குகிறீர்கள், வாலால் தாக்கும்போது விலகுகிறீர்கள். மிக அருகில் சிக்கிக்கொண்டவருக்கு விலகும் தாக்குதலே வசதி. தூரத்தில் இருப்பவருக்கு நெருங்கும் தாக்குதல். இதை உணர்ந்தவர் வளைந்து செல்லும் கப்பலைக் கண்டு பதற மாட்டார்.

கான்வாயின் நடுவே

கான்வாயில், அதாவது காவலோடு கூட்டமாகப் போகும் கப்பல் அணியில், கப்பல்கள் பல வரிசைகளாகச் செல்லும். வரிசைக்கு வரிசை இடைவெளி சுமார் 1,000 கெஜம், அதாவது 900 மீட்டர் சொச்சம். இரவில் நீர்மட்டத்தில் அந்த வரிசைகளுக்கு இடையே புகுந்து தாக்கியவர்களில் யூ-99 படகின் ஓட்டோ கிரெட்ஷ்மர் பெயர்பெற்றவர். அவருடையது டைப் 7பி, முன்னால் நான்கும் பின்னால் ஒன்றும் உள்ள படகு.

இரு வரிசைகளின் நடுவே செங்குத்தாக நின்றால் மூக்கு ஒரு வரிசையையும் வால் மற்றொரு வரிசையையும் பார்க்கும். கப்பல்கள் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து, சொல்லப்போனால் உங்கள் இடப்பக்கத்திலிருந்து, வருகின்றன. முன்வரிசைக் கப்பலுக்கு 345, ஏஓபி வலப்பக்கம். பின்வரிசைக் கப்பலுக்கு 195, ஏஓபி இடப்பக்கம். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பக்கமும் சுட்டு முடிக்கலாம். கான்வாய் முழுவதற்கும் வேகம் ஒன்றே என்பதால் அதை மீண்டும் அளக்கத் தேவையில்லை. நாம் பரிந்துரைக்கும் வரிசைமுறை: முதலில் தூரத்து இலக்கு, பிறகு அருகில் இருப்பது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடித்தால், முதல் வெடிப்பைக் கண்டு இரண்டாவது கப்பல் திரும்பித் தப்பாது.

தூரத்தை மட்டும் மறக்காதீர்கள். சரியாக நடுவில் நின்றால் இருபுறமும் சுமார் 450 மீட்டர். 7சி-யின் நீளம் 67 மீட்டர் என்பதால் குழாயின் வாயிலிருந்து பார்த்தால் இன்னும் முப்பது மீட்டர் குறையும். ஜெர்மன் டார்பிடோவின் 300 மீட்டருக்கு இது போதும். ஒரு பக்கம் 150 மீட்டர் ஒதுங்கிவிட்டாலே அந்தப் பக்கத்துச் சுடுதல் வீண். இந்த இடத்தில் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ஒரு முனையால் மட்டும் தாக்குவதுதான் விவேகம்.

முன்குழாய்களின் பலம்

நான்கு அல்லது ஆறு குழாய்களை ஒன்றாக விசிறிபோல் சுடும் சால்வோ முன்பக்கத்துக்கே உரியது. வேகத்தை அளப்பதில் சந்தேகம் இருந்தாலோ, இலக்கு தூரத்தில் இருந்தாலோ, விமானந்தாங்கி போன்ற பெரிய வேட்டை கிடைத்தாலோ முன்பக்கமே சரி.

ஏன் என்பதை எண்ணில் பார்க்கலாம். 30 நாட் டார்பிடோ 1,000 மீட்டர் ஓட 65 விநாடி ஆகிறது. இலக்கின் வேகத்தை ஒரு நாட் தவறாகக் கணித்திருந்தால் அதற்குள் 33 மீட்டர் பிசகும். 130 மீட்டர் நீளமுள்ள கப்பலின் நடுவில் குறிவைத்திருந்தால் இரு பக்கமும் 65 மீட்டர் இடமிருப்பதால் எங்கேனும் பட்டுவிடும். அதே தவறு 2,000 மீட்டரில் 67 மீட்டர் பிசகாகி, டார்பிடோ நூலிழையில் தவறும். ஒரேயொரு பின்குழாய் உள்ள 7சி-யில் வாலால் சுடுவதை 1,000 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இதுவே. கேட்டோவின் நான்கு பின்குழாய்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாகப் பொருந்தாது. அவற்றிலிருந்தும் மூன்று டார்பிடோக்களை ஒன்றிரண்டு டிகிரி இடைவெளியில் விசிறிவிடலாம்.

நின்றுபோன கப்பலை முடிப்பது மட்டும் வேறு கணக்கு. ஒரு டார்பிடோ பட்டு என்ஜின் நின்ற கப்பல் எங்கும் போகாது. முன்னால் குறிவைக்கவே தேவையில்லை, 180-ல் வைத்துச் சுட்டால் போதும். ஆற அமரப் படகைத் திருப்பி வாலால் முடியுங்கள். முன்குழாய்கள் அடுத்த ஓடும் இலக்குக்கு மிஞ்சும்.

காவல் கப்பல் துரத்தும்போது

பின்குழாய் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இந்தக் காட்சிதான்: துரத்தி வரும் போர்க்கப்பலை வாலால் சுட்டு வீழ்த்துவது. சாதாரண டார்பிடோவால் இதைச் செய்வது மிகக் கடினம். நேராக உங்களை நோக்கி வரும் பிளவர் வகைக் கார்வெட் எனும் சிறு காவல் கப்பலின் அகலம் சுமார் 10 மீட்டர். 130 மீட்டர் பக்கவாட்டுக்குப் பதிலாக 10 மீட்டர் இலக்கு. அது நேராக வரும்வரை வேகத் தவறு பாதிக்காது என்பது ஒரு சாதகம். சற்றுத் திரும்பிவிட்டால் எல்லாம் போயிற்று. எனவே சாதாரண டார்பிடோ மட்டும் கையில் இருந்தால், மூழ்கித் தப்புவதையே முதல் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பிளவர் வகையின் உச்சவேகம் 16 நாட், 7சி நீர்மட்டத்தில் 17 நாட்டுக்குச் சற்று மேல் ஓடும் என்பதால், இருட்டில் அந்த வகையிடமிருந்து ஓடித் தப்பவும் முடியும். டெஸ்ட்ராயரிடம் இது நடக்காது.

1943 இலையுதிர் காலத்தில் களத்துக்கு வந்த டி5 இந்த நிலையை மாற்றியது. சத்தத்தைத் தேடிப் போகும் டார்பிடோ அது. வேகம் 24 நாட், ஓடும் தூரம் 5,700 மீட்டர். துரத்தும் கப்பலின் புரொப்பல்லர் ஓசையை அது தானே தேடிக்கொள்ளும். விளையாட்டில் அந்தக் காலகட்டத்தை அடைந்ததும் பின்குழாயில் ஒரு டி5 வைத்துக்கொள்வதை உறுதியாகப் பரிந்துரைக்கிறோம். காவல் கப்பல் பெரும்பாலும் வால்பக்கமிருந்தே துரத்தும். திரும்பாமலே சுடலாம். சுட்டவுடன் செய்ய வேண்டியதை மறக்கக் கூடாது: 60 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, மோட்டாரை அமைதி ஓட்டத்துக்கு மாற்ற வேண்டும். நிஜப் போரிலும் படகுகளுக்கு இதே கட்டளைதான் இருந்தது. சத்தம் போட்டுக்கொண்டு மேலேயே இருந்தால் அந்த டார்பிடோவுக்கு நீங்களும் ஒரு சத்தம்தான்.

எதை எங்கே ஏற்றுவது

போரின் தொடக்க ஆண்டுகளில் 7சி-யின் பின்குழாய்க்கு ஜி7இ நல்ல தேர்வு. அதற்குக் குமிழித் தடம் இல்லை, 5,000 மீட்டர் ஓடும், வாலால் சுடும் நெருங்கிய தூரத்துக்கு 30 நாட் வேகம் போதும். ஜி7ஏ-க்களை முன்பக்கம் வைத்து, தடம் தெரியாத இரவிலும் நெடுந்தூரத்துக்கும் பயன்படுத்தலாம்.

இப்படிக் கலந்து ஏற்றுவதில் ஒரு பொறி இருக்கிறது. முன்னால் 44 நாட் டார்பிடோ, பின்னால் 30 நாட் டார்பிடோ. முன்குழாய்க்குப் பத்து டிகிரி என்று மனதில் வைத்திருந்தவர், அதே பத்து டிகிரியில் பின்குழாயையும் சுட்டால், 8 நாட் இலக்குக்கு 1,000 மீட்டரில் டார்பிடோ ஏறக்குறைய 85 மீட்டர் பின்தங்கும். கப்பலின் வாலைத் தாண்டித்தான் போகும். கணக்குக் கருவியைப் பயன்படுத்தினாலும், குழாயைத் தேர்ந்தெடுத்த பிறகு டார்பிடோவின் வேக அமைப்பு அந்தக் குழாயில் உள்ளதற்கு ஏற்ப இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அமெரிக்கப் படகில் 46 நாட் மார்க் 14-ம் 29 நாட் மார்க் 18-ம் கலந்திருந்தால் இடைவெளி இன்னும் பெரிது.

மார்க் 14 பற்றி ஒரு சொல். டார்பிடோ கோளாறுகளை உண்மையாகக் காட்டும் அமைப்பை இயக்கியிருந்தால், 1943 செப்டம்பர் வரை செங்குத்தாக மோதும் மார்க் 14-ன் வெடிமுனை ஊசி நசுங்கி வெடிக்காமல் போக வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் மூக்கானாலும் வாலானாலும் சற்றுச் சாய்வாக மோதும் கோணத்தைத் தேடுங்கள். அது நமது செங்குத்து விதிக்கு விலக்கு.

அடிக்கடி பிசகும் இடங்கள்

பின்குழாயின் கதவைத் தனியாகத் திறக்க வேண்டும். முன்குழாய்களைத் திறந்து வைத்திருந்து, கடைசி நொடியில் வாலுக்கு மாறிச் சுடும் பொத்தானை அழுத்தினால், கதவு திறந்து முடிந்தபின்தான் டார்பிடோ வெளியேறும். பத்து விநாடி தாமதம் என்றால் 8 நாட் கப்பல் 41 மீட்டர் நகர்ந்திருக்கும். எனவே சுடும் எண்ணுக்கு ஒரு நிமிடம் முன்பே கதவைத் திறந்துவிடுங்கள்.

குழாயைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கைரோ கோணத்தைப் படிக்க வேண்டும். முன்குழாய் தேர்வில் இருக்கும்போது வால்பக்கக் கப்பலைப் பார்த்தால், கருவி முன்முனையிலிருந்து போகும் பாதையைத்தான் கணக்கிடும். அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

சுடும் நேரத்தில் சுக்கான் நடுவில் இருக்கட்டும். படகு திரும்பிக்கொண்டிருந்தால் வால் மூக்கைவிட வேகமாகப் பக்கவாட்டில் வீசும். குறைந்தது அரை நிமிடமாவது நேராக ஓடவிட்டுப் பிறகு சுடுங்கள்.

வால் பக்கம் பெரிஸ்கோப்பைத் திருப்பிப் பார்க்கும்போது இடவலம் குழம்பும். பெரிஸ்கோப்பில் இடமிருந்து வலமாக நகரும் கப்பல், படகின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போகிறது. குழம்பினால் படத்தை நம்பாதீர்கள், மேலே ஓடும் டிகிரி எண்ணைப் பாருங்கள். 165-லிருந்து 180 நோக்கி எண் ஏறினால் வலப்பக்கமிருந்து வருகிறது. 195-லிருந்து 180 நோக்கி இறங்கினால் இடப்பக்கமிருந்து வருகிறது.

போர் முடியும் காலத்தில் வந்த டைப் 21 படகில் முன்னால் 6 குழாய்கள், பின்னால் ஒன்றுமில்லை. மூழ்கிய நிலையிலேயே வேகமாக ஓட அதன் வால் ஒடுங்கலாக அமைக்கப்பட்டது. பின்னாளில் டார்பிடோக்கள் தாமாக இலக்கைத் தேடிப் போகவும், கம்பி வழியே செலுத்தப்படவும் தொடங்கியதும் வால்குழாயின் தேவை குறைந்தது. இக்காலக் கப்பற்படை விளையாட்டுகளில் இந்தக் கேள்வியே எழாததற்கு அதுவே காரணம்.

ஒரு பயிற்சி

தனியாகச் செல்லும், ஆயுதமில்லாத சரக்குக் கப்பல் ஒன்று உள்ள பயிற்சியை எடுங்கள். வரைபடத்தில் அதன் பாதையைக் கோடாக இழுத்து, அதற்குச் செங்குத்தாக உங்கள் போக்கை அமையுங்கள். கப்பல் 3,000 மீட்டர் தொலைவில் இருக்கும்போது பாதையை வேண்டுமென்றே கடந்து, 500 மீட்டர் மறுபக்கம் போய் வேகத்தை 1 நாட்டாகக் குறையுங்கள். ஏஓபி பக்கத்தை மாற்றுங்கள். 5-ம் குழாயைத் தேர்ந்தெடுத்து, டார்பிடோ வேகத்தைச் சரிபார்த்து, கதவைத் திறங்கள். கைரோ கோணம் 180-க்கு அருகில் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, 180-ஐத் தொடும் நொடியில் சுடுங்கள். பெரிஸ்கோப்பில் அப்போது என்ன டிகிரி என்று குறித்துவைத்து, மேலே கொடுத்த எண்களோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் வேகத்தையோ ஏஓபியையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். அதே பயிற்சியைக் கப்பல் எதிர்ப்பக்கமிருந்து வரும்படி ஒருமுறையும், பிறகு தானியங்கி உதவிகளை எல்லாம் நிறுத்திவிட்டு ஒருமுறையும் செய்யுங்கள்.